கிரைண்டர் சத்தம்

ஹலோ... ஹலோ... ஆங், சொல்லுங்க சார்... நான்தான் சார், பிரிஸ்கில்லா... மேரி இல்ல சார். மேரி எங்க மாமியாரு, அது செத்து ஆறு வருசம் ஆவுது... பரவால்ல சார், சொல்லுங்க.

வூட்லதான் கீறேன்... லீவு சொன்னேனே சார், நேத்தும் இன்னிக்கும்... ஆமா, ஆமா. ஆபீஸ் பெருக்க செங்கேணிய அனுப்பினேன், வர்லயா?... வந்துட்டானா. சரி, சரி.

ஜீப்பா? இன்னா ஜீப்பு சார்?... வெள்ள ஜீப்பு... சர்ச்சாண்ட நிக்குதா? யாரு பாத்தது?... முனிரத்தினமா! அவன் டிப்பர் ஓட்ற வேகத்துல ரோட்ல நிக்கிற எருமையே அவன் கண்ணுக்குத் தெரியாது. ஜீப்பு மட்டும் தெரிஞ்சிட்ச்சா?... கல்யாணத்துக்கு எவனாச்சும் வந்து இருப்பான் சார்.

மாசு கட்டுப்பாட்டு ஜீப்பா... சேச்சே. அவங்க வந்தா மொத நாளே எனக்குத்தானே போன் வரும்? 'காத்து அளக்குற மிஷினு கொண்ணாறோம், மாடிப்படிய தொறந்து வெய்யிமா, பிளக்கு பாயிண்டு வேணும்'னுவாங்க. எனக்கு வந்தா அடுத்த நிமிசம் உங்களுக்கு வரும். ஒம்போது வருசத்துல ஒரு தபாவாச்சும் தவறி கீதா?... ஆமா... ஆமா சார். உங்க உப்ப தின்னவ சார் நானு.

இன்னா சத்தமா? எங்க?... ஓ, இதுவா. கிரைண்டரு சார். மாவு அரைச்சிக்கினு கீறேன்... புதுசு. நேத்து காலையிலதான் ஷேர் ஆட்டோல போட்டு, கோணி சுத்தி எடுத்தாந்தோம். தெருவே கேட்டுச்சி, 'இன்னா பிரிஸ்கி, கிரைண்டரா'ன்னு. ஆமாம்மான்னு சொன்னேன்... சத்தம் ரவ பெருசாத்தான் கீது. கல்லு பெரிய கல்லு சார்.

*பிரிஸ்கில்லா போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு மலர்க்கொடி வாசலில் நின்றிருந்தாள்.*

மலரு, மேல ஓடு. பத்மஜா மேடத்தாண்ட சொல்லு, கிரஷர் மேனேஜரு ராஜாராம் லைன்ல கீறாரு, மோப்பம் புடிச்சிட்டாரு. காத்து அளக்குற இருவத்தி நாலு மணி நேரம் பத்து மணிக்குத்தான் முடியுதாம். நடுவுல கரண்டு நின்னா கணக்கு செல்லாதாம். டிரான்ஸ்பார்மரு அவுங்க கேட்டாண்டதான் கீது, ஒரு ஆள அனுப்பி பியூஸ புடுங்கிட்டா எல்லாம் போச்சி... மணி இன்னா?... இன்னும் பன்னண்டு நிமிசமா?... பேசிக்கினே இருக்கேன். நீ போ.

*கையை எடுத்தாள்.*

ஹலோ... கீறேன் சார், கீறேன். சிக்னலு கட்டாவுது... ஆமா, எவ்ளோ மாவா? நாளைக்கி எங்க வூட்டுக்காரருக்கு வருச நெனப்பு சார். மொத வருசம். ஃபாதரு வராரு, காலனி ஜனம் அத்தினி பேருக்கும் இட்லி... டேனியலு சார். உங்க கிரஷர்ல ஜல்லி கொட்ற எடத்துல நின்னாரே... ஆங், அவரேதான். ஒசரமா, ஒல்லியா.

நீங்க வரீங்களா?... தெரியும் சார், உங்களுக்கு வேல. பைபாஸ் ரோட்டு லோடு. நேத்து காலையிலேர்ந்து நிக்காமதானே ஓடுது... நல்லது சார், ஓடட்டும். நிறுத்தாதீங்க. நேத்து நீங்க ஓரிக்கையில கல்யாணத்துல இருந்தப்பவும் ஒரு நிமிசம் நிக்கல. ராவும் பகலும்... தண்ணி தெளிக்கிற மோட்டாரா? அது போடல போல கீது சார். போட்டா எங்களுக்குத் தெரியுமே. ஷவரு ஓடினா ஆபீசரு வராருன்னு அர்த்தம். வருசத்துல ரெண்டு நாளு மய பெய்யிற ஊரு சார் இது.

கோச்சிக்காதீங்க, சொம்மா தமாசுக்கு சொன்னேன்.

ஆமா... ஆமா... போன மாசம் ஆபீசருங்க கூட்டம் போட்டு சொன்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. ஷெட்ட சுத்தி மூடணும், லாரிக்குத் தார்ப்பா கட்டணும், பச்ச வல கட்டணும்னு... கட்டினீங்களே சார், கேட்டாண்ட ஒண்ணு கட்டினீங்க. போட்டோ புடிச்சீங்க. மறுநாளு அத்தெ அவுத்துக்கினு போய் உங்க மல்லிப்பூ தோட்டத்துக்குக் கட்டிட்டீங்க. நான்தானே சார் மடிச்சி வண்டியில வெச்சேன்.

ஈரப் பொடவையா? கீது சார். எப்பவும் ரெடியா கீது. அந்த ஊதா கலருதான்... மிஷினு மேல போத்தினா தூசி எப்படி அதுலயே ஒட்டிக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆபீசருங்க நாஷ்டா துன்னப் போன ஒடனே போத்தணும், ஜீப்பு சத்தம் கேட்டா எடுக்கணும். நீங்க சொல்லிக் குடுத்த மாரியே.

ஆள அனுப்பறீங்களா? மாடிய பாக்கவா? எதுக்கு சார் பேஜாரு? நானே போய் பாத்து சொல்றேன். லைன்லயே இருங்க. கட் பண்ணாதீங்க... முட்டி வலி சார், மெதுவாத்தான் ஏறணும். இருங்க.

*அவள் எழுந்திருக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து, கால் இரண்டையும் மாற்றி மாற்றி ஊன்றினாள், காலடி அங்கே கேட்கட்டும் என்று.*

ஒண்ணு... அம்மாடி... ரெண்டு... கைப்புடி வெக்கல சார் இந்தப் படிக்கு. கவர்மெண்டு வூடு, படியோட நிறுத்திட்டாங்க... மூணு... லைன்ல கீறீங்களா?... ஆங். நாலு... தோ, கொஞ்சம் நிக்கறேன். மூச்சு வாங்குது... எனக்கும்தான் சார். அவருக்கு வந்த மாரியே. வெறும் வயித்துல ரெண்டு படி ஏறினா நெஞ்சில கல்ல வெச்ச மாரி... அஞ்சு... அவசரப்படுத்தாதீங்க, விழுந்துட்டா நாளைக்கி ஃபாதரு ரெண்டு பேருக்கு ஜெபம் பண்ணணும்.

ஆறு... ஏழு...

வந்துட்டேன் சார். மேல வந்துட்டேன்... ஒண்ணியும் இல்ல. தண்ணி டேங்கு, டிஷ்ஷு. கொடியில அவுரு சட்ட காயுது... ஆமா சார், செத்துட்டாருதான். சட்ட கீதே. மாசத்துக்கு ஒரு தபா தொவைக்கிறேன். இன்னும் தண்ணி சுண்ணாம்பு கலர்லதான் வருது.

இன்னா சொன்னீங்க?...

*மாடியில் எந்திரம் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. தெருக்கோடிக்கு அப்பால் கிரஷர் கல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. மறுமுனையில் ஹலோ ஹலோ என்று கேட்டது.*

...கீறேன் சார். லைன்லதான் கீறேன்.

பீடி குடிச்சி செத்தாருன்னீங்க. ஆமா. அன்னிக்கும் அதான் சொன்னீங்க. இல்ல, கோவம் இல்ல. பேசிக்கினு இருக்கலாம் சார், வெச்சிடாதீங்க. அன்னிக்கு நீங்க பேசினீங்க, நான் நின்னேன். இன்னிக்கி நான் ரவ பேசறேன்.

அவுரு போன ரெண்டாம் மாசம் மனு எடுத்துக்கினு காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்கு வந்தேன். திங்கக்கெயம... ஞாபகம் கீதா? நல்லது. கிரஷர் தூள துன்னுதான் என் வூட்டுக்காரரு செத்தாருன்னு எழுதி எடுத்தாந்தேன். நீங்க ஃபைல தொறந்து வரிசையா ரிப்போர்ட்ட அடுக்கினீங்க. 'இந்தம்மா வூட்டு மாடியிலயே அளந்தது, காத்து சுத்தமா கீது'ன்னீங்க. 'புருசன் பீடி குடிச்சி செத்துட்டான், பழிய கம்பெனி மேல போடுது'ன்னீங்க. எல்லாரும் என்னியே பாத்தாங்க.

என்னால வாயத் தொறக்க முடியல சார். ஏன் சொல்லுங்க?... நீங்க குட்த்த வேலைக்காவ இல்ல. அந்த ஊதா பொடவ என்னுது.

கீய கட்டல்ல அவுரு இருமிக்கினு கெடந்தாரு. மேல நான் மிஷினுக்கு ஈரத்துணி போத்திக்கினு இருந்தேன். அந்தத் துணிய அவுரு மூக்குல கட்டி அனுப்பி இருந்தா இன்னும் ரெண்டு வருசம் இருந்து இருப்பாரு. மிஷினு மூக்க மூடினேன். புருசன் மூக்க வுட்டுட்டேன்... ஆமா சார். ஆமா. உங்க மேல மட்டும் நான் பழி சொல்லல.

மணி ஏன் கேக்கறேனா? கேக்கலியே... ஓ, மலருகிட்ட கேட்டது அரகொறையா காதுல விழுந்துட்ச்சா. ஒண்ணும் இல்ல சார். அடுப்புல ஒண்ணு வெச்சி கீறேன். ரெண்டு நிமிசத்துல எறக்கணும்.

யார கூப்புடறீங்க?... கேக்குது சார், பக்கத்துல யாருகிட்டயோ ஆல்பர்ட்டுன்றீங்க... டிரான்ஸ்பார்மராண்ட போவ சொல்றீங்களா? பாவம் சார் அந்தப் புள்ள. போன வாரம்தான் கையில ஷாக்கு அடிச்சி கட்டு போட்டுக்கினு வந்தான். அவன் ஓடிப் போய் சேர மூணு நிமிசம். டிரான்ஸ்பார்மர் வேலிக்கு சாவி வாட்ச்மேனாண்ட. வாட்ச்மேனு டீக்கடையில... நான் ஆபீஸ் பெருக்கறவ சார். எந்தச் சாவி எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?

கத்தாதீங்க சார். நேத்து இந்நேரம் நீங்க மொய் எழுதிக்கினு இருந்தப்பதான் ஆரம்பிச்சோம்.

இருங்க... இருங்க, ஒரு நிமிசம்...

*உறுமல் இறங்கியது. கடைசியில் ஒரு சிறு விசில் போல இழுத்து, அடங்கியது.*

சத்தம் நின்னுட்ச்சா? ஆமா. மாவு அரைஞ்சிட்ச்சி சார்.

...

நான்தான் சொல்லல. ஆமா. செவ்வாக்கெயமயே எனக்கு போன் வந்துச்சி. உங்களுக்குப் பண்ணல... புது ஆபீசரு. பத்மஜான்னு ஒரு பொண்ணு. ஜீப்புல வந்தா முனிரத்தினம் பாத்துருவான்னு நான்தான் ஆட்டோல வரச் சொன்னேன். சர்ச்சாண்ட நிக்கிற ஜீப்பு கவர எடுத்துக்கினு போவ இன்னிக்கி வந்தது. மிஷினுல தூசி புடிக்கிற பேப்பர எட்டு மணி நேரத்துக்கு ஒரு தபா மாத்தணுமாம். அந்தப் பொண்ணு நாஷ்டாக்குக் கூட எழுந்து போவல. மூணு வேளையும் நான்தான் மேல எடுத்துக்கினு போய் குட்த்தேன்.

பேப்பர பாக்கணும் சார் நீங்க. வைக்கச் சொல்லோ ஆப்பம் மாரி வெள்ளையா இருந்துச்சி. எடுக்கச் சொல்லோ அடி புடிச்ச தோச... மொத ரெண்டும் அப்படித்தான். மூணாவத இப்ப கவர்ல போட்டு ஒட்டிக்கினு கீறாங்க. அரக்கு வாசன வருது.

தண்ணி ஊத்தவா? இப்பவா? முடியாது சார், கவர் ஒட்டியாச்சி... இன்னா வேல? பர்மனெண்டா? ஒம்போது வருசமா பெருக்கறேன், இப்பத்தான் தூசி தெரிஞ்சிதா உங்களுக்கு?

ஆமா, நானும் மாட்டுவேன். தெரியும். பொடவ போத்தினது, நீங்க சொன்னது, எந்தெந்த தேதின்னு எல்லாத்தையும் எழுதிக் குட்த்துட்டேன்... தேதி எப்படி ஞாபகமா? அந்தந்த நாள்ல அவுரு எவ்ளோ நேரம் இருமினாருன்னு எனக்கு ஞாபகம் கீது சார். அத்தெ வெச்சி எண்ணினேன்... என்னிய ஜெயில்ல போடட்டும். அங்க காத்து நல்லா இருந்தா சரி.

வூட்ட காலி பண்ணுவீங்களா? எது, இந்த வூட்டயா? பட்டா அவுரு பேர்ல கீது. தம்மாத்தூண்டு காகிதம்தான், ஆனா அதுக்கு ஈரத்துணி போட முடியாது.

அட...

*தெருக்கோடிக்கு அப்பால் இருந்த சத்தமும் நின்றது. முதலில் பெரிய பல், பிறகு சல்லடை, பிறகு பெல்ட். எங்கோ ஒரு கோழி கொக்கரிப்பது கேட்டது. ஆபீசர் வராத நாளில் அந்த ஊர் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.*

கிரஷர நிறுத்திட்டீங்களா சார்? இப்ப நிறுத்தி இன்னா பண்றது. மோட்டாரு கூட போட சொல்லி இருப்பீங்க, தண்ணி தெளிக்க... போடுங்க, போடுங்க. பாவம், செடியாச்சும் குளிக்கட்டும்.

இன்னா சொன்னீங்க? திருப்பி சொல்லுங்க... கேட்டுச்சி. நல்லா கேட்டுச்சி. அந்த வார்த்தைய எங்க ஆத்தாவுக்கு சொல்லாதீங்க, அது இல்ல. எனக்கு சொல்லுங்க. ஆனா பேர சரியா சொல்லித் திட்டுங்க. மேரி இல்ல.

நேத்தே மொத கவரு மேல சாட்சி கையெழுத்து கேட்டாங்க சார். வூட்டுக்காரங்க பேரு எழுதணுமாம். அந்தப் பொண்ணு 'எழுத்துக் கூட்டி சொல்லுங்கம்மா, தப்பு வரக்கூடாது'ன்னா. ஒவ்வொண்ணா சொன்னேன். டேனியலுக்கு டே, அப்புறம் பிரிஸ்கில்லா. ரெண்டு தபா படிச்சிக் காட்டினா. உங்களுக்கு நோட்டீசு வரும் இல்ல, அதுல அச்சடிச்சி இருக்கும். அத்தெ பாத்து கத்துக்குங்க.

...

சார்? கீறீங்களா?... ஆங், மூச்சு கேக்குது.

சரி சார், நான் வெச்சிடறேன். அரிசி நேத்துலேர்ந்து ஊறுது. இனிமேதான் மாவு அரைக்கணும்.