மேல இருக்கிற பழம்

ரெண்டே மாசத்துல ஏழு கிலோங்க! ஏழு! ஒரு மனுஷன் எப்படி இப்படி ஏறுவான், நீங்களே சொல்லுங்க. உள்ள அந்த டயட்டீஷியனம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு இருக்காரே, எங்க வீட்டுக்காரரு, அவரத்தான் சொல்றேன். பேன்ட் பட்டன் நிக்க மாட்டேங்குது. குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுறதுக்குள்ள மூச்சு வாங்குது. கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டப் பாத்துட்டு டாக்டரே கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டாரு...

இத்தனைக்கும் இங்க மொதல்ல வந்தது நான். எனக்குத்தான் எடை அதிகம். "தினமும் பழம் சாப்பிடுங்க"ன்னாங்க இந்தம்மா. எனக்கு வெறும் பழம் தொண்டைல எறங்காதே! என்ன பண்றதுன்னு வெளிய வந்தா, எதுத்தாப்லயே பேக்கரி. கண்ணாடிக்குள்ள சீஸ்கேக். மேல ஸ்ட்ராபெர்ரி, கிவி, திராட்ச... பளபளன்னு! அட, பழந்தானேன்னு வாங்கிட்டேன். தினமும் நாலு துண்டு.

ஐயோ, அப்படிப் பாக்காதீங்க! டப்பாவுல பொடி எழுத்துல போட்டிருக்கான், துண்டுக்கு நானூறு கலோரின்னு. எனக்குப் படிக்கத் தெரியாதா என்ன? அதெல்லாம் கீழ இருக்குதே சீஸு, வெண்ணெய், பிஸ்கட்டு, அதுக்கு. நான் அதத் தொடவே மாட்டேன். மேல இருக்கிற பழத்த மட்டும் ஸ்பூனால வழிச்சு... அவ்வளவும் விட்டமின் சி! மூணு கிலோ கொறைஞ்சிருக்கேன், தெரியுதா?

மிச்சமா? திங்கிற பொருளத் தூக்கியா போடுவாங்க? அவரு வேலை விட்டு வந்ததும் தட்டுல வச்சுக் குடுத்துடுவேன். மொத நாள் மட்டும், "ஏன் இது மொட்டையா இருக்கு?"ன்னாரு. "அது அப்படித்தான் வரும், சாப்பிடுங்க"ன்னேன். அதுக்கப்புறம் மனுஷன் ஒரு வார்த்தை கேக்கலியே...

ம்? ஆமா... நாலு துண்டுந்தான். தினமுந்தான்.

...

ஷ்ஷ்! கதவு சரியா சாத்தல போல. அந்தம்மா சத்தம் போடுறாங்க. "வீட்ல அப்படி என்னதான் குடுக்குறாங்க உங்களுக்கு?"ன்னு கேக்குறாங்க. போச்சு... என்ன சொல்றாரு? கேளுங்க, கேளுங்க.

"வீட்ல ஒண்ணும் இல்ல மேடம். ஆபீஸ் கேன்டீன்ல தெரியாம..."

அவரு ஆபீஸ்ல கேன்டீனே கெடையாதுங்க.

பாவி மனுஷன்... எனக்காகத் திட்டு வாங்கிக்கிட்டு ஒக்காந்திருக்காரே!

இல்ல, நான் உள்ள போறேன். போயி எல்லாத்தையும் சொல்லிடுறேன். கொஞ்சம் இந்தப் பையப் பிடிங்க, வந்துடுறேன்.

ஐயய்யோ, சாய்ச்சுப் பிடிக்காதீங்க! பழம் சரிஞ்சுடும்!