குளிர்காற்று போன பக்கம்

வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்துகொண்டு தேநீர் குடிப்பதைப் போன்ற சுகம் எங்கள் ஊரில் வேறில்லை. தலையில் பனி விழுந்தால் இன்னும் நன்றாயிருக்கும். ஜெர்மனியின் வடகடலோரத்துக் கிழக்கு ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள் நாங்கள் மூன்று கோப்பைக்கு முன்னால் எழுந்திருப்பதில்லை. போதுமென்றால் கரண்டியைக் கோப்பைக்குள் போடவேண்டும். அதுவரை வீட்டுக்காரர் ஊற்றிக்கொண்டே இருப்பார். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்களும் ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீச்சல்குளத்துக்கும் தொட்டிக்கும் சேர்த்து ஒரே ஹீட் பம்ப் வாங்க நினைத்தேன். வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கும் இயந்திரம் அது. சூட்டைப் பறிகொடுத்த காற்று மறுபக்கம் ஜில்லென்று, ஈரமாக வெளியேறும். குளத்துக்குக் கோடை மட்டும் போதும், தொட்டிக்குக் குளிர்காலமும் வேண்டும். எனவே கடுங்குளிரிலும் ஓடக்கூடியதாகப் பார்த்தேன். கடையில் இரண்டு இருந்தன. ஒன்று காற்றை மேலே ஊதும், மற்றது பக்கவாட்டில் ஊதும். மேலே ஊதுவதுதான் யாருக்கும் தொந்தரவில்லாதது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். மற்றதன் காற்று எவ்வளவு தூரம் போகும் என்று விசாரித்துவிட்டு அதையே வாங்கினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஃபோக்கோ இருக்கிறார். எழுபத்துநாலு வயது, தனிக்கட்டை. அவரிடம் நான்கு தேனீப் பெட்டிகள் இருந்தன, எல்லாம் அவர் மனைவி கெஷே வளர்த்தவை. அவள் இறந்த அன்று ஒவ்வொரு பெட்டியையும் தட்டி அவர் சேதி சொன்னார். வீட்டில் சாவு விழுந்தால் தேனீக்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

அந்தத் தேனீக்கள் எங்கள் குளத்தில்தான் தண்ணீர் குடிக்கும். போன ஜூலையில் ஒன்று என் மனைவி வீப்கேயின் பாதத்தில் கொட்டிவிட்டது. அவள் வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாளே நீந்தினாள்.

"குடிச்சிட்டுப் போகட்டும் ரெம்மர். உன் குளத்தையா காலி பண்ணிடப் போகுது?" என்று என்னைக் கேலி செய்தாள்.

அவள் சிரித்தாள் என்பதற்காக நான் சும்மா இருக்க முடியுமா? எனக்கு மனைவிமேல் அக்கறை அதிகம்.

ஃபோக்கோவின் கவலையெல்லாம் சத்தத்தைப் பற்றி. எங்கள் ஊரில் ஹீட் பம்ப் சண்டை என்றாலே சத்தச் சண்டைதான். எங்கோ இரவல் வாங்கிய ஒலிமானியோடு வந்து வேலியோரம் கால்மணி நேரம் நின்றார். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் போடும் சத்தம்கூட இல்லை. மகிழ்ந்துபோய், பம்ப் வைக்கப் பக்கத்து வீட்டார் தரவேண்டிய சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார், மூன்று கோப்பை குடித்தார், ஒரு குப்பி தேனும் கொடுத்தார். காற்று எந்தப் பக்கம் போகும் என்று அந்தத் தாளில் கேள்வியே இல்லை.

பெட்டிகளின் வாசல்கள் எங்கள் வேலியைப் பார்த்திருந்தன. செடிவேலியின் அடிக்கிளைகளை நானே கத்தரித்துக் காற்றுக்கு வழி விட்டேன். முன்பொரு நாள், இரண்டாவது கோப்பையின்போது அவர்தான் சொல்லியிருந்தார்: "குளிரெல்லாம் தாங்கிக்கும், ஒண்ணையொண்ணு கட்டிக்கிட்டு உருண்டையா கிடக்கும். ஈரக்காத்து மட்டும் உள்ள போகவே கூடாது." எனக்கு நல்ல ஞாபகசக்தி.

நவம்பரிலிருந்து பம்பின் விசிறி அந்த வாசல்களைப் பார்த்து ஓயாமல் ஓடியது. பிப்ரவரியில் ஒரு வெயில் நாளில் ஃபோக்கோ என்னைக் கூப்பிட்டார். நான்கு பெட்டியும் செத்திருந்தன. துடைப்பம் எடுத்துப் போய் நானும் சேர்ந்து பெருக்கினேன். எல்லாம் வாளிக்குள் போனபிறகு அவர் கேட்டார்:

"கெஷே போனத இதுங்ககிட்ட நான் சொன்னேன். இதுங்க போனத அவகிட்ட யார் சொல்றது?"

எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அன்று மாலையே அவரைத் தொட்டிக்கு அழைத்தேன். முதல் கோப்பையிலேயே கரண்டியைப் போட்டுவிட்டார். என் வீட்டில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"குளிர்காலத்துல பெட்டி மேல கைய வெச்சா இதே சூடுதான் இருக்கும்," என்றார். சற்றுக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "சத்தமே இல்ல. நல்ல மெஷினா பாத்து எடுத்திருக்க," என்றார்.

அவருக்காக இன்னும் ஒரு டிகிரி கூட்டி வைத்தேன். வேலிக்கப்பால் இருந்த காலிப் பெட்டிகளைப் பார்த்து விசிறி கொஞ்சம் வேகமெடுத்தது.

ஆமாம், தேனீக்களைக் கொன்றது நான்தான், வேண்டுமென்றே கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தக் கிழவரை நான் குளிரில் விட்டுவிட்டேன் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.