குன்றின் மேல் மிசுஹா சொன்ன சொல்

அவைக்கு அணிசேர்க்கும் தலைவர் ஓனிஷி அவர்களே! மடித்த முழங்கால் மரத்துப் போனாலும் முகம் சுளிக்காமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! நாற்று நட்ட சேறு நகக்கண்ணில் காயும் முன்பே வந்து நிறைந்திருக்கும் தாய்மார்களே! அரிசி மதுக் குடுவைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துவிட்ட சாமர்த்தியசாலிகளே! அனைவருக்கும் என் தலைதாழ்ந்த வணக்கம்.

பக்கத்து ஊர்க்காரன் நம்மைக் கேலி செய்கிறான். "எங்க ஊர்ல அரண்மனைத் தூண் நின்ன கல்லு இருக்கு. ஒங்க ஊர்ல என்னய்யா இருக்கு? தவளைதானே?" என்கிறான். ஆம், தவளைதான்! ஒரு பேரரசி நமக்கு விட்டுவைத்த தவளை! சிரிக்காதீர்கள், சொல்லி முடிக்கிறேன்.

மன்னர் மாண்டால் மாளிகைக்கே தீட்டு. அடுத்து வருபவர் வேறிடத்தில் புது அரண்மனை கட்ட வேண்டும். அது அந்நாள் வழக்கம். மன்னராயிருந்த கணவர் கண்மூடியதும் மிசுஹா அம்மையார் அரியணை ஏறினார். அமைச்சர் கமுரோவின் கண் எங்கே விழுந்தது? மலையில் விழுந்ததா? மணலில் விழுந்ததா? நம் வயலில் விழுந்தது! நட்டுக்கொண்டிருந்த சனுமே என்ற பெண்ணை, "இங்க அரண்மனை வருது, எழுந்து போம்மா" என்று விரட்டினார்.

"வயல் போனா வயித்துக்கு என்னத்தய்யா போடுறது? தூணையா?" என்றாள் சனுமே. கமுரோ அளவுக் கயிற்றை விரிக்கத் தொடங்கினார். அமைச்சர் அல்லவா?

புதிதாய் முடிசூடியவர் குன்றேறி, நாட்டைப் பார்த்து, கண்டதை உரக்கச் சொல்வார். எதைக் கண்டதாகச் சொன்னாரோ, அந்த நிலத்துக்கு அதுதான்; அங்கே சொன்ன சொல் சொன்னதுதான். "அரண்மனை காண்கிறேன்னு சொல்லுங்க தாயே" என்று கமுரோ வழியெல்லாம் மனப்பாடம் செய்வித்தார். அம்மையாருக்கோ பருத்த உடம்பு. பாதி வழியில் மூச்சு முட்டியது. "நான் இங்கயே விழுந்து செத்தா இன்னொரு அரண்மனை கட்டணும், பாத்துக்க!" என்றார்.

உச்சியில் நின்று பார்த்தார். கீழே சனுமே அழுதுகொண்டே நட்டுக்கொண்டிருந்தாள். ஊரே குன்றை அண்ணாந்து பார்த்து நின்றது.

"நெல் காண்கிறேன்!" என்றார் அரசி.

கமுரோ பதறினார். "ஐயோ, அரண்மனைன்னு..."

"கண்ணுல பட்டதத்தானேய்யா சொல்லணும்? சொல்லிட்டேன். மாத்தச் சொல்றியா?"

வயல் பிழைத்தது, வயலோடு நம் தவளையும் பிழைத்தது! அரசி எங்கே போவார்? கணவர் உயிர்விட்ட அந்தப் பழைய வீட்டுக்கே திரும்பினார். தீட்டுக்குப் பயந்து ஒருவரும் உள்ளே வரவில்லை. வீரதீரப் பிரதானிகள் வாசலில் மழையில் நனைந்தபடி அரச காரியங்களைக் கூவினார்கள்! அம்மையாருக்குப் பயமில்லையா? இருந்தது. அதைவிடத் தனிமைதான் அவரைத் தின்றது.

அறுவடை முடிந்தது. சனுமே புது அரிசிச் சோற்றோடு வந்தாள். வாசலோடு நிற்கச் சொன்னார்கள். செருப்பைக் கழற்றினாள், உள்ளே நடந்தாள்!

"ஏண்டி, தீட்டு ஒட்டிக்குமே, பயமில்லையா ஒனக்கு?"

"எங்களுக்குச் சோறு போட்ட வீட்டுல ஏது தாயே தீட்டு?"

அரசி அழுதுவிட்டார். "அப்போ உக்காருடி, சேர்ந்து சாப்பிடலாம். தனியாத் தின்னு தின்னு வெறுத்துப்போச்சு" என்றார்.

தாய்மார்களே, நாடாண்டவளுக்கு நம்மூர்க்காரி செய்த ஒரே கைம்மாறு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதுதான்! தலைவர் சோற்றுப் பானையையே பார்க்கிறார், நானும் முடிக்கிறேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. இன்று ஒருவரும் தனியாக உண்ண வேண்டாம். வணக்கம்!