கனகராஜுக்கு நான் கொடுத்த பயிற்சி

முதல் வேலை தேடி வருகிற பையன்கள் ஏன் தலையில் அவ்வளவு எண்ணெய் தடவிக்கொண்டு வருகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை, இன்ஸ்பெக்டர் சார். நாற்காலி முதுகெல்லாம் கறை. கச்சேரி ரோட்டில் எங்கள் ஆடிட்டர் ஆபீஸுக்கு வருகிறவர்களை முதலில் சலித்தெடுப்பது ஹெட்கிளார்க்கான என் பொறுப்பு. "இந்தத் தொழிலுக்கு ஏன் வருகிறாய்?" என்று கேட்பேன். கணக்கில் ஆசை என்பான் ஒருவன். ஆசையாம்.

கனகராஜை நான் சலித்தெடுக்கவில்லை. அவன் மாமா பொன்ராஜ் தியாகராய நகரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். எங்களிடம் கணக்குத் தணிக்கைக்கு வருகிறவர். அந்தப் பழக்கத்தில் ஆடிட்டரே நேராகச் சேர்த்துக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். பி.ஏ. படித்துவிட்டதால் வேலை தெரியும் என்ற நினைப்பு.

நான் அவனை மைக்கூடு கழுவச் சொன்னேன். கூட்டிய பக்கங்களைக் கிழித்துப் போட்டு மறுபடி கூட்டச் சொன்னேன். முன்னால் வந்தவர்கள் இதற்குள் அழுதுகொண்டே ஓடியிருக்கிறார்கள். இவன் மட்டும், "தப்பு இருந்தா சொல்லுங்க சார், திருத்திக்கிடுதேன்" என்று சிரிப்பான். சுரணை இல்லாதவர்களைப் பார்த்தால் எனக்கு ஆகாது.

பங்குனியில் ஒருநாள் ஆடிட்டர் கூப்பிட்டார்.

"சுவாமிநாதா, பையன் நன்னா வரான். தி. நகர் கடைகளையெல்லாம் இனிமே அவனே பாத்துக்கட்டும். நீ ஆபீஸோட இருந்துண்டு மத்ததைக் கவனி."

"ரொம்ப சரி சார்" என்றேன். எனக்கு வருத்தமே இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானது. மூட்டை முடிச்சோடு எல்லோரும் எழும்பூர் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். படித்தவர்கள்தான் முதலில் ஓடினார்கள். ஆடிட்டரும் ஆபீஸைக் கும்பகோணத்துக்கு மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு முன்னால் போய்விட்டார். பூட்டிவிட்டு வருவது என் வேலை.

கனகராஜ் ஊருக்குப் போய்விட்டான் என்று ஆடிட்டரிடம் சொல்லியிருந்தேன். பொன்ராஜிடம், எங்களோடு கும்பகோணம் வருகிறான் என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சின்னப் பய அண்ணாச்சி, நீங்கதான் நல்லா பாத்துக்கிடணும்" என்றார். பாத்திரம் விற்கிறவருக்கு யாரைப் பார்த்தாலும் அண்ணாச்சிதான்.

கடைசி நாள் மத்தியானம் கனகராஜிடம், பின்கட்டு அறையில் கிடந்த பழைய கணக்குக் கட்டுகளை வருஷவாரியாக அடுக்கச் சொன்னேன். ஜன்னல் இல்லாத அறை. கனத்த தேக்குக் கதவு. அரிக்கன் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். எங்கள் மாடிக்குக் கீழே இருந்த துணிக்கடை மூடியாகிவிட்டது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

ஐப்பசி வாக்கில் நாங்கள் திரும்பியபோது அந்தக் கதவைத் திறந்தது ஆடிட்டர். அன்றிலிருந்து அவருக்கு உடம்பு சரியில்லை. அதில் எனக்கு உண்மையாகவே மனக்கஷ்டம். கனகராஜ் கதவோரமாகக் கிடந்தான். கட்டுகளை முழுக்க அடுக்கியிருந்தான். ஒரு வருஷக் கட்டு மட்டும் இடம் மாறியிருந்தது. நான் சுட்டிக்காட்டினேன். யாரும் காதில் வாங்கவில்லை.

தெரிந்துதான் பூட்டினேனா என்று கேட்கிறீர்கள். ஆமாம். தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டு மாட்டியபோது அவன் உள்ளிருந்து தட்டினான். கதவு நோகாமல், விரல் முட்டியால்.

"சார், கதவு வெளிய பூட்டிக்கிட்டு போல."

"வேலை முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம் கிடக்கு சார்."

"முடி. அப்புறம் பார்க்கலாம்."

"சரி சார்."

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ரிக்‌ஷா கிடைக்காமல் லஸ் வரை நடக்க வேண்டியிருந்தது. தெருமுனைக்கு வந்தபோது ஏதோ சத்தம் கேட்டது. அது அவனாக இருந்திருக்காது. ஆபீஸில் சத்தம் போடக் கூடாது என்று அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.