நட்பான வணக்கங்களுடன், லாரா

படிவங்களைக் கறுப்புப் பேனாவால்தான் நிரப்ப வேண்டும் என்று முப்பத்தொரு வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். எனக்கென்று ஒரு படிவம் வந்த அன்று வீட்டில் நீலப் பேனாதான் இருந்தது. மன்னிக்கவும்.

மதிப்புக்குரிய பொலிஸ் அதிகாரிக்கு, 'குற்றச்சாட்டுப் பற்றி உங்கள் கருத்து' என்று எழுதி, கீழே ஆறு கோடுகள் விட்டிருக்கிறீர்கள். ஒரு தமிழன் தன் பெயர் எது, தகப்பன் பெயர் எது என்று விளக்கவே ஆறு கோடு காணாது. ஆகவே தனித்தாளில் எழுதுகிறேன். தமிழில் எழுதுவது ஜெர்மன் தெரியாததால் அல்ல. பீலெஃபெல்டில் தமிழருக்கு வந்த கடிதங்களில் பாதியையாவது வாசித்துச் சொன்னவன் நான். ஒருமுறையாவது என்னை வேறொருவர் மொழிபெயர்க்கட்டும் என்று ஒரு சின்ன ஆசை.

பெயர் விமலநாதன். வயது அறுபத்தெட்டு. மனைவி இறந்து ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை.

விஜயரத்தினம் கேக் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர். வேலைத்தலத்து ஜெர்மன் பேசுவார்; கடிதம் என்றால் என்னிடம்தான் வருவார். எட்டு வருடமாகப் புதன்கிழமை மூன்று மணிக்கு என் வீட்டு மணி அடிக்கும். ஒரு கட்டுக் கடிதமும் இரண்டு றோல்ஸும் கொண்டுவருவார். கடிதம் வராத கிழமைகளில் சுப்பர்மார்க்கட் விளம்பரத்தாளைக் கொண்டுவந்து, "இதுவும் ஏதும் டேர்மினோ அண்ணை, எந்தக் கந்தோருக்கு எத்தனை மணிக்கு வரட்டாம்?" என்று கேட்பார். தக்காளி மலிவு என்று வாசித்துச் சொல்வேன். இருவரும் சிரிப்போம். என் கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அதற்குப் பெயர் புதன்.

போன வருடம் தை மாதம் அவர் கைத்தொலைபேசியில் ஒரு இணையச் சூதாட்டத் தளத்தில், சும்மா கிடைத்த போனஸை உருட்டி உருட்டி, முப்பத்தோராயிரம் யூரோ வென்றார். அவர்கள் கொடுக்க மறுத்தார்கள். போனஸ் ஓர் ஆளுக்கு ஒன்றுதான், வங்கிக்கணக்கும் ஆட்டக்கணக்கும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஆள் பதிவு செய்தபோது, நம் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னால் போட்டுவிட்டார். வங்கியில் அவர் விஜயரத்தினம் இராசலிங்கம். சூதாட்டத்தில் இராசலிங்கம் விஜயரத்தினம். அவர்கள் இரண்டு ஆட்கள் என்றார்கள். ஒருவர் செத்து இருபது வருடமாகிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்.

மறுப்பில் லாரா என்ற பெண் கையெழுத்திட்டிருந்தாள். நான் வாசித்து முடித்ததும் விஜயரத்தினம் கேட்டார்.

"கடைசி வரியில என்ன எழுதியிருக்கிறா?"

"நட்பான வணக்கங்களுடன்."

"நட்பெண்டு எழுதியிருக்கிறா. அப்ப தருவா அண்ணை."

இந்த நாட்டில் வீட்டைவிட்டுத் துரத்தும் கடிதமும் அந்த வரியில்தான் முடியும் என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

தமிழ்ப் பெயர்களின் இலக்கணத்தை இரண்டு பக்கத்தில் விளக்கி ஒரு பதில் எழுதத் தொடங்கினேன். நல்ல கடிதம். கடைசிப் பந்தியில்தான் விஜயரத்தினம் ஒரு வசனம் சேர்க்கச் சொன்னார்.

"காசு கெதியா வேணும் எண்டும் எழுதுங்கோ. ஆவணியில நான் ஸ்டுட்கார்ட்டுக்குப் போறன். மகள் பிரபாலினி கடை எடுக்கிறாள், எனக்கும் ஒரு பங்கு. மேல் வீட்டில நான் இருக்கலாமாம்."

"எப்ப முடிவெடுத்தனீர்?"

"அது போன வருஷமே. உங்களுக்குச் சொன்னனான்தானே?"

சொல்லவில்லை. எட்டு வருடத்தில் அவருடைய மூலவியாதி வரைக்கும் எனக்குத் தெரியும், இது தெரியாது. ஒரு சூதாட்டக் காரியாலயத்துப் பெண்ணுக்கு எழுதும் கடிதத்தில், அதுவும் என் கையால் மொழிபெயர்த்து, நான் அதை அறிந்துகொண்டேன். பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். துணைவினை சரியான இடத்தில் இருந்தது.

பத்து நாளில் லாராவின் பதில் என் மின்னஞ்சலுக்கு வந்தது. சுவையான விளக்கத்துக்கு நன்றி, அடையாள அட்டையின் இரு பக்கத்தையும் பதினான்கு நாளுக்குள் அனுப்புங்கள், பணத்தைச் செலுத்துகிறோம் என்றிருந்தது. விஜயரத்தினம் எதிரே இருந்து றோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"இன்னும் ஆதாரம் வேணுமாம்" என்றேன்.

அதுவும் பொய்யில்லை. அடையாள அட்டை ஓர் ஆதாரம்தானே.

பதினான்கு நாள் கழிந்தது. வென்ற பணத்தை ரத்துச்செய்து ஆட்டக்கணக்கை முடக்கினார்கள். அதன்பிறகு லாராவின் வேலையை நான் பார்க்க வேண்டியதாயிற்று. மொத்தம் பதின்மூன்று கடிதங்கள். விஜயரத்தினத்தின் முறைப்பாட்டைப் புதன்கிழமை எழுதுவேன். அதற்கு லாராவின் பதிலை ஞாயிற்றுக்கிழமை எழுதுவேன். அடுத்த புதன் அதை அவருக்குத் தமிழில் வாசிப்பேன். எனக்கு நானே தபால் எழுதிக் களைத்த ஒரே ஓய்வூதியன் நானாகத்தான் இருப்பேன். முதலில் அவளைக் கறாரானவளாக எழுதினேன். அவர் மெலியத் தொடங்கினார். எனக்கு இளகிய மனம், லாராவும் இளகினாள். ஆவணிக்குள் நிச்சயம் என்று எழுதினாள்.

அதை நம்பி விஜயரத்தினம் வேலையை விட்டார். வீட்டையும் விடப் போகிறேன் என்றார். வீட்டுக்காரருக்கு மூன்று மாத முன்னறிவித்தல் கடிதம் எழுத வேண்டும். அதையும் நான்தான் எழுதினேன். ஒரு கமா தவறவில்லை.

ஆவணி வந்தது, பணம் வரவில்லை. பிரபாலினி கடைப்பங்கை வேறொருவருக்குக் கொடுத்தாள். வென்றதாகச் சொன்னதே பொய், அப்பா உள்ளதையும் ஆடித் தொலைத்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். தொலைபேசியில் அழுதாள் என்று கேள்வி. போவதற்கு இடமில்லாமல் நின்ற மனிதனை நான் கைவிடவில்லை. என் வீட்டில் ஓர் அறை சும்மா இருந்தது. இப்போது என் கிழமையில் ஏழு நாள்.

இந்த உயிர்த்தஞாயிறு விடுமுறையில் பிரபாலினி வந்தாள். தகப்பனின் கைத்தொலைபேசியை வாங்கி அந்தத் தளத்தின் செய்திப்பெட்டியைத் திறந்தாள். லாரா எனக்கு அனுப்பியது அங்கேயும் இருந்தது, இரண்டு நினைவூட்டல்களோடு. ஒரு வருடத்துக்கு மேலாக உண்மை அவருடைய சட்டைப்பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. கடைசியாக, லாரா போன ஆடி மாதமே வேலையை விட்டுப் போய்விட்டாள் என்ற அறிவித்தலும் இருந்தது. அவளும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"விமலநாதன் மாமா, உங்கட லாரா இந்தப் பங்குனியிலும் எழுதியிருக்கிறாவே?" என்று பிரபாலினி என்னைக் கேட்டாள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். விஜயரத்தினம்தான் குறுக்கே வந்தார்.

"அது மெஷின் அனுப்புற மெசேஜ் பிள்ளை. லாரா அண்ணைக்கு நேர எழுதுறவ. அவரைச் சந்தேகப்பட்டாய் எண்டால் இந்த வீட்டுப் படி ஏறாத."

அவள் அழவில்லை. லாரா பெயரில் நான் அச்சிட்ட கடிதங்கள் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறாள்.

எனக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஒரு சதம் எடுக்கவில்லை. மேல்வீட்டு அறையில், கடைச் சாக்குகளுக்கு மேலே, மகளின் நேரம் பார்த்துச் சாப்பிட வேண்டிய வாழ்க்கையிலிருந்து அவரைக் காப்பாற்றியிருக்கிறேன். அதை அவர் ஒருநாள் விளங்கிக்கொள்வார்.

சென்ற செவ்வாய்க்கிழமை உங்கள் கடிதங்கள் இரண்டு வந்தன. ஒன்று எனக்கு, சந்தேகநபராக. மற்றது அவருக்கு, சாட்சியாக. பிரித்து என்னிடம் நீட்டினார்.

"லாராவோ?"

"ஓம். இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டாம்."

"கீழ என்ன போட்டிருக்கிறா?"

பார்த்தேன். நீங்களும் அதையேதான் எழுதியிருந்தீர்கள்.

"நட்பான வணக்கங்களுடன்."

அவர் தலையாட்டிச் சிரித்தார். அந்த ஒரு வரியை நான் உள்ளபடியே மொழிபெயர்த்தேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்ற இடத்தில் 'ஆம்' கட்டத்துக்குள் புள்ளடி போட்டிருக்கிறேன். அடையாள அட்டையை அனுப்பாமல் விட்டதும், பதின்மூன்று கடிதங்களை எழுதியதும், அவரை வீடில்லாதவராக்கியதும் நான்தான்.

ஒரேயொரு வேண்டுகோள். இனி அவருக்கு ஏதும் அனுப்புவதாக இருந்தால், மகளின் ஸ்டுட்கார்ட் முகவரிக்கு அனுப்ப வேண்டாம். இங்கேயே அனுப்புங்கள், வாசித்துச் சொல்ல நான் இருக்கிறேன்.

நட்பான வணக்கங்களுடன்,
விமலநாதன்