உண்மையான பிறந்த திகதி

இந்த விசாரணைக் கட்டடத்துக்கு நான் இருநூறு தடவையாவது வந்திருப்பேன். ஆனால் எப்போதும் இருந்தது அந்தப் பக்கத்து மொழிபெயர்ப்பாளர் கதிரையில்தான், இப்போது சஜீதாப்பிள்ளை இருக்கிற கதிரையில். அதற்கு முதுகு கொஞ்சம் சாயும். பிள்ளை, உனக்கு இடுப்பு நொந்தால் ஒரு மடித்த துணியை வைத்துக்கொள். நான் அப்படித்தான் இருபத்தி நாலு வருடம் சமாளித்தேன்.

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று விசாரணை செய்கிற மதாமுக்கும் தெரியும். பிறகு ஏன் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன் என்று யோசிக்கிறா போலும். வாழ்க்கை முழுக்க மற்றவர்களின் சொல்லைச் சுமந்து கொடுத்தவன் நான். ஒரு தடவையாவது என் சொல்லை இன்னொருத்தர் சுமக்கட்டும். நான் சொல்வதை அப்படியே சொல், பிள்ளை. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

என் பெயர் கனகரத்தினம். இங்கே சுவிஸில், ரெனான் ஊருக்குப் பக்கத்துக் கம்யூனில், ரயில் பாதையோடு ஒட்டிய மூன்று பழைய கட்டடங்களில் அறுபத்திரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு வந்த கடிதங்களை எல்லாம் நான்தான் வாசித்தேன். வரி, வதிவிட பெர்மிட், பள்ளிக்கூடம், இன்சூரன்ஸ், எதுவானாலும் உறையைக்கூட உடைக்க மாட்டார்கள். ஒரு பையில் சேர்த்து, சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். வாசலில் பைகள் வரிசையாக இருக்கும். ஒருவரிடமும் நான் ஒரு சதம் வாங்கியது இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு யாதவி வந்தாள். வந்தாள் என்ன, அந்தக் கட்டடத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைதான், சட்டம் படித்தவள். வீடு வீடாகப் போய், "உங்கட கடிதத்தை நீங்களே வாசிக்கப் பழகுங்கோ, நான் சொல்லித்தாறன்" என்றாள். புதன்கிழமைகளில் வகுப்பு வைத்தாள். ஆறு மாதத்தில் என் வாசலில் இரண்டு பைதான் இருந்தது. அதில் ஒன்று வழி தவறி வந்தது. எனக்கு அதில் ஒரு கோபமும் இல்லை. எதற்குச் சொல்கிறேன் என்றால், வரிசைப்படி சொல்ல வேண்டும் அல்லவா.

அந்த மூன்று கட்டடங்களையும் இடித்துப் புதிதாகக் கட்ட ஒரு கொம்பனிக்கு விருப்பம். அதற்கு ஊர் நிர்வாகமான கம்யூன் சபையின் சம்மதம் வேண்டும். சபையில் ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதி. மார்ச் தேர்தலில் யாதவி நின்றாள், கட்டடங்களை இடிக்க விட மாட்டேன் என்று சொல்லி. இந்த நாட்டுக் கடவுச்சீட்டு இல்லாவிட்டாலும் பத்து வருடம் இருந்தவர்களுக்கு எங்கள் கம்யூனில் வாக்கு உண்டு. அதனால் அந்த அறுபத்திரண்டு குடும்பமும் வாக்குப் போட்டால் யாதவி வென்றுவிடுவாள். கணக்குத் தெரியாதவனுக்கும் அது தெரியும்.

கொம்பனியின் ஆள் என்னைத் தேடி வந்தார். நல்ல மரியாதையான மனிதர், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். தமிழ் ஆட்களுக்கு வாக்களிப்பது பற்றி விழிப்புணர்வு வேண்டும், அதற்கு உதவலாம் என்றார். மண்டபம், சாப்பாடு, புத்தகம் அச்சிடுகிற செலவு எல்லாம் தங்களுடையது. புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தமிழ் உதவி மையம் என்று ஒரு அறை, கதவில் என் பெயர். யாருக்கு வாக்குப் போடச் சொல்ல வேண்டும் என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. மண்டபத்துக்கு வந்தவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சின்னப் புத்தகம் ஒன்று எழுதினேன். இருபது பக்கம். மதாமின் மேசையில் இருப்பது அதுதான். எழுத்து பெரிதாக, படத்தோடு, அச்சுப் பிழை இல்லாமல் இருக்கும். தபாலில் அனுப்புகிற வாக்குச்சீட்டை மஞ்சள் உறைக்குள் வைப்பது, வாக்கு அட்டையில் கையெழுத்துப் போடுவது, பிறந்த திகதி எழுதுவது, எல்லாம் இருக்கிறது. பதினோராம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: நீங்கள் உண்மையில் பிறந்த திகதியை எழுதுங்கள். இதில் என்ன குற்றம்? ஒருவரை உண்மை எழுதச் சொல்வது குற்றமா?

மதாமுக்கு ஒன்று விளங்க வேண்டும். எண்பதுகளில் வந்த எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று தாய் பெற்ற நாள். மற்றது ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டில் அடித்த நாள், அல்லது அகதி முகாமில் பயத்தில் வாய்க்கு வந்தபடி சொன்ன நாள். அதுதான் பெர்மிட்டில் ஏறியது, அதோடேயே காலம் போய்விட்டது. கம்யூன் தன்னிடம் உள்ள திகதியோடு ஒத்துப் பார்க்கும். பொருந்தாவிட்டால் அட்டை செல்லாது, வாக்கும் செல்லாது. உறையை உடைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

புத்தகம் கொடுக்க மண்டபத்தில் கூட்டம் வைத்தபோது முன் வரிசையில் தம்பித்துரை அண்ணை இருந்தார். எழுபத்தாறு வயது. முப்பத்தேழு வருடமாக அதே கட்டடத்தில், அதே இரண்டாம் மாடியில் இருந்தவர். கையை உயர்த்திக் கேட்டார்.

"தம்பி, நான் ஆவணியிலை பிறந்தனான். பெர்மிட்டிலை சனவரி முதலாம் திகதி எண்டெல்லோ கிடக்கு. எதை எழுதுறது?"

"அண்ணை, உங்கட அம்மா எப்ப பெத்தவவோ அதை எழுதுங்கோ. வாக்குப் போடேக்குள்ளையும் பொய் சொல்லவேணுமோ?"

அவர் பக்கத்தில் இருந்த மனைவி ஞானேஸ்வரியைப் பார்த்து, "பாத்தியே, இனி நான் சனவரிக்காரன் இல்லை" என்றார். கண் கலங்கியிருந்தது. மண்டபம் முழுக்கச் சிரித்தது, கை தட்டியது. அன்றைக்குப் பலர் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தவன் நான். யாதவியின் புதன்கிழமை வகுப்பில் அவளும் வாக்கு அட்டை நிரப்பக் காட்டியிருக்கிறாள். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்கு ஒரு பிறந்தநாள்தானே. இதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஆட்களும் அந்த விஷயத்தை ஒரு சட்டம் படித்தவளிடம் வாய் விட மாட்டார்கள்.

நாற்பத்தேழு அட்டைகள் செல்லாமல் போயின. யாதவி இருபத்தாறு வாக்கில் தோற்றாள். செப்டெம்பரில் சபையில் திட்டம் ஒரே ஒரு கையால் நிறைவேறியது.

இரண்டாவது புத்தகத்தைப் பற்றி மதாம் கேட்கிறா. கேட்பா என்று தெரியும். ஓம், இரண்டு அச்சு இருக்கிறது. மேல்தெருவில் சொந்த வீடு வாங்கிய தமிழர்களுக்கு இந்தப் பழைய கட்டடங்கள் கண்ணில் பட்டாலே பிடிக்காது, இடித்தால் தங்கள் வீட்டு விலை ஏறும். அவர்களுக்குக் கொடுத்த புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில், பெர்மிட்டில் உள்ள திகதியைப் பார்த்து அப்படியே எழுதுங்கள் என்று இருக்கிறது. மற்ற எல்லாம் ஒன்றுதான், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. யாதவி தன் தாயின் புத்தகத்தையும் மேல்தெருவில் இருக்கிற சித்தியின் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். கெட்டிக்காரி. அதை நான் எப்போதும் மறுத்தது இல்லை.

தேர்தல் முடிந்து மூன்றாம் கிழமை, அந்த நாற்பத்தேழு பேருக்கும் கம்யூனில் இருந்து கடிதம் போனது. மூன்றே வரி. உங்கள் அட்டையில் இருந்த திகதி பொருந்தவில்லை, அடுத்த முறை கவனியுங்கள், நன்றி. அவ்வளவுதான். ஆனால் திகதிக்கான பிரெஞ்சுச் சொல்லை அவர்கள் புதன்கிழமை வகுப்பில் படித்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லைக் கண்டதும், பெர்மிட்டில் சொன்ன பொய் பிடிபட்டுவிட்டது என்று எல்லோரும் பயந்துவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் என் வாசலில் பைகள் வரிசையாக இருந்தன.

தம்பித்துரை அண்ணை கதிரையில் இருக்கவும் மாட்டாமல் நின்றார்.

"யாதவிப்பிள்ளை தன்னட்டைக் கொண்டுவரச் சொன்னது, தம்பி. நான் மாட்டன் எண்டிட்டன். அவளை நம்பித்தானே இந்தத் தேர்தலுக்குள்ளை தலையைக் குடுத்தனாங்கள். உண்மையைச் சொல்லு, எங்களைத் திருப்பி அனுப்புவங்களோ?"

நான் கடிதத்தை மெதுவாக வாசித்தேன். இரண்டாம் தடவையும் வாசித்தேன். முகத்தைக் கொஞ்சம் இறுக்கி வைத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன், "அண்ணை, இப்போதைக்கு ஒண்டுக்கும் எதிர்த்துக் கதைக்காதேங்கோ. வீட்டை விடச் சொல்லிக் கடிதம் வந்தாலும் கையெழுத்துப் போட்டிட்டுப் போங்கோ. பேர் வெளியிலை வராட்டில் ஒருத்தரும் தோண்டமாட்டினம்." மற்ற நாற்பத்தாறு பேருக்கும் அதையேதான் சொன்னேன். ஒக்டோபரில் வீடு விடச் சொல்லிக் கடிதம் வந்தபோது ஆட்சேபம் எழுதியது யாதவியின் தாய் ஒருத்திதான்.

தம்பித்துரை அண்ணையும் ஞானேஸ்வரி அக்காவும் இப்போது ஃப்ரிபூர்க்கில் மகனோடு இருக்கிறார்கள். நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. அக்காவுக்கு முழங்கால் சரியில்லை, அங்கே போன நாளில் இருந்து கீழே இறங்கவில்லையாம். ஞாயிறு தோறும் அண்ணை எனக்கு ஃபோன் எடுக்கிறார். அன்றைக்கு நான் சொன்ன புத்திதான் காப்பாற்றியது என்று நன்றி சொல்கிறார். நான் அவருக்குத் துரோகம் செய்தேன் என்று யாதவி இங்கே எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

காசுக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அந்த அறையைக் கொம்பனி தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி. அந்த ஆட்களுக்கு வாக்கு என்றால் என்னவென்று சொல்லிக் கொடுத்தேன், அவர்கள் வாழ்க்கையில் ஒரு தடவை உண்மை எழுத வைத்தேன். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. இன்னொரு தேர்தல் வந்தாலும் அந்தப் பதினோராம் பக்கத்தை அப்படித்தான் எழுதுவேன். என்னை விட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லிவிட்டேன். தாளைத் தாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்ன சஜீதாப்பிள்ளை, பேனையைத் தந்துவிட்டு முதல் தடவையாக உன் சொந்தச் சொல்லில் ஏதோ கேட்கிறாய்?

"மாமா, கீழை பிறந்த திகதியும் கேட்டிருக்கு. உங்களுக்கும் ரெண்டு இருக்குமெல்லே. எதை எழுதப் போறியள்?"

ஓம், இருக்கிறது. நான் பங்குனியில் பிறந்தவன். ஆனால் கடவுச்சீட்டில் உள்ளதையே எழுதுகிறேன், பிள்ளை. மதாம் ஒத்துப் பார்க்கட்டும். இவ்வளவு நேரம் கதைத்துவிட்டு, என் வாக்குமூலம் செல்லாமல் போனால் நன்றாகவா இருக்கும்.