வழுக்கி வந்த பூங்கா

இல்ல ரோசம்மா டீச்சர், உக்கார வேணாம், கால் பூரா சேறு. உங்க கொல்லைச் சேறுதான், ஆனாலும் வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதில்ல? நான் ரத்தினவேல், பஞ்சாயத்து ஆபீஸ் சூப்பர்வைசர். ஆமாங்க, உங்க கொல்லைக்குப் பின்னாடி இருக்குற குப்பைமேட்டப் பூங்காவாக்குறேன்னு மாசக்கணக்கா கத்திக்கிட்டுத் திரிஞ்சவன் நாந்தான்.

பாத்தேன், பாத்தேன். புல்லு, செவ்வந்திச் செடி, சிமெண்டு பெஞ்சு, பேரு வெட்டுன கல்லு, எல்லாம் உங்க கொல்லையில வந்து நிக்குது. மேட்டுல இப்ப வெறும் கருப்பு ஷீட்டுதான்.

கோவப்படாதீங்க, நடந்ததச் சொல்றேன். நாத்தம் வெளிய வரக்கூடாதுன்னு மொத்தக் குப்பையையும் பிளாஸ்டிக் ஷீட்டு போட்டு மூடினோம். அது மேல ரெண்டடி மண்ணு, மண்ணு மேல புல்லு. ஷீட்டு நல்லா வழவழன்னு இருக்கும், மூஞ்சி தெரியும். நாந்தான் கடையில தடவித் தடவிப் பாத்து எடுத்தேன். அதுவே வினையாப் போச்சு. வாழை எலையச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு ரசஞ்சோறு போட்டா நிக்குமாங்க?

சரிவக் கொறைச்சு வச்சிருக்கலாந்தான். சேர்மன் விடணுமில்ல? போன வருஷந்தான் எலெக்‌ஷன்ல ஜெயிச்சு வந்தாரு, அந்தச் சூடு இன்னும் எறங்கல. லால்குடி ரயில்ல போறவங்களுக்கெல்லாம் புல்லு தெரியணும், நல்லா நிமித்தி வைய்யான்னாரு. நடைபாதை வேணும்னு, அடியில முட்டுக் குடுத்துக்கிட்டிருந்த மண்ணையும் வெட்டி எடுத்தோம். அப்பறம் பச்சைப்பசேல்னு இருக்கட்டும்னு லாரி லாரியா தண்ணி விட்டோம். அந்தத் தண்ணி போக வழியா? எங்க வச்சோம். ஷீட்டு மேலயே தங்கிப்போச்சு. விடிகாலம் ஒரு மழை பெஞ்சுது பாருங்க, கெழங்குத் தோலு உரிஞ்ச மாதிரி மொத்தமா எறங்கிருச்சு.

வாட்ச்மேன் பிச்சமுத்து அந்த பெஞ்சுலதான் படுத்திருந்தாரு. மேட்டுல படுத்தவரு உங்க முருங்கை மரத்தடியில எந்திரிச்சிருக்காரு. உங்களப் பாத்து, பூங்கா இன்னும் திறக்கலம்மா, வெளிய போங்கன்னாராமே? மனசுல வச்சுக்காதீங்க டீச்சர், தூக்கக் கலக்கம்.

கோழியெல்லாம் பத்திரமா இருக்குங்க. பெஞ்சுல வரிசையா உக்காந்திருக்கு பாருங்க. வேலிதான் போயிருச்சு, அது நான் கட்டித் தரேன்.

அள்ளணும்தான். அள்ளாம விடுவமா? ஆனா ஒரு நிமிஷம் நிதானமாப் பாருங்களேன். ஒரு செடி சாயல. கல்லு தெருவப் பாத்து நேரா நிக்குது. நாங்க வச்சப்பகூட கோணலாத்தான் இருந்துச்சு. பூங்காவுலேர்ந்து சீரங்கத்துக் கோபுரம் தெரியணும்னு சேர்மன் சொல்லிருந்தாரு. இங்கேர்ந்தும் தெரியுது டீச்சர், கோழிக்கூட்டு மேல ஏறி நின்னா.

சிரிக்காதீங்க. போன தடவ கக்கூஸ் திறப்புவிழாவுல கதவு அவரு கையோட வந்துருச்சு. அதப் பிடிச்சுக்கிட்டே போட்டோ எடுத்துக்கிட்டாரு. அடுத்த விழாவும் இப்பிடி ஆச்சுன்னா நீ வீட்டுக்குப் போயிரலாம்னுட்டாரு. மூணு பொண்ணுங்கள வச்சிருக்கேன் டீச்சர். காலையில அந்த ஷீட்டப் பாத்ததும் அங்கேயே உக்காந்து அழுதுட்டேன். உக்காந்தேனா, நானும் வழுக்கிக்கிட்டே இங்க வந்து சேந்துட்டேன். வந்து பாத்தப்பறந்தான் யோசனையே வந்துச்சு.

திறப்புவிழா என்னைக்கா? இன்னைக்கித்தாங்க, நாலு மணிக்கு. மேளத்துக்குச் சொல்லியாச்சு, பந்தல்காரன் வந்துக்கிட்டிருக்கான். மேட்டுல எப்பிடிய்யா திறப்பேங்குறீங்களா? மேட்டுல ஏது டீச்சர் பூங்கா? அதான் இங்க வந்துருச்சே.

நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நல்லதா ஒரு சேலையக் கட்டிக்கிட்டு வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை வாங்கன்னு சொன்னாப் போதும். கோழிகளக்கூட விரட்ட வேணாம், பூங்கான்னா பறவை இருக்கணும்னு அவரே சொல்லிருக்காரு.

ஐயய்யோ, அந்தக் கொடியில கைய வைக்காதீங்க. காயப்போட்ட உங்க துணியெல்லாம் மடிச்சு திண்ணை மேல வச்சிருக்கேன். இப்ப செகப்பாத் தொங்குறது ரிப்பனு.